தேதி கூட்டிய எண்கள்

ஜூன் 3, ஞாயிறு

இந்த வாரப் புதிரை அவளுடைய தேநீர்க் கோப்பைக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன். கோப்பையை எடுத்தாள், தாளைப் பார்த்தாள், மேசையைத் துடைத்தாள், தாளைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். "அப்புறம் போடறேங்க, கை ஈரமா இருக்கு" என்றாள். மத்தியானம் வரை கை ஈரமாகவே இருந்தது போலிருக்கிறது.

முன்பெல்லாம் இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் எண்களை எழுதி நீட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். முறை ஒன்றும் பிரமாதமில்லை, நானே உண்டாக்கியதுதான். க் முதல் ன் வரை பதினெட்டு மெய், அவற்றுக்கு ஒன்று முதல் பதினெட்டு. அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிர், ஒன்று முதல் பன்னிரண்டு. ம் பத்தாவது மெய், அதோடு அ சேர்ந்தால் ம. ஆகவே 10-1. ழை என்றால் 15-9. அடுத்தடுத்து எழுதினால் மழை. புள்ளி வைத்த எழுத்தில் உயிர் இல்லை, அங்கே சுழியம். தனி உயிரில் மெய் இல்லை, அங்கேயும் சுழியம். இதற்கு மேல் வாரத்துக்கு ஒரு குசும்பு செய்வேன். தலைகீழாக எண்ணுவது, ஒன்று விட்டு ஒன்று மாற்றுவது, இந்த மாதிரி.

மகள் எட்டு வயதிலேயே என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். நான் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் விடையோடு நிற்பாள். போன வருடம் செவிலியர் படிப்புக்கு வேறு ஊருக்குப் போய் விடுதியில் தங்கிவிட்டாள். வீட்டில் இப்போது நாங்கள் இருவர்தான். 

சாயங்காலம் விடை வந்தது. சரியான விடை.

ஜூன் 5

சந்தையில் சோதனை. கடை கடையாக ஏறி, எடைக்கல்லை வைத்து, தராசு ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவதுதான் என் பிழைப்பு. ஒருவரிடமும் குறை இல்லை. பழக்கடை அம்மா சொன்னாள்: "நீங்க வர்ற அன்னிக்கு எந்தக் கடையிலயும் எடை குறையாது சார். தெரு முனையில உங்க வண்டி திரும்பறப்பவே இந்தக் கோடி வரைக்கும் தெரிஞ்சிடும்." பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மரியாதை இருக்கிற இடத்தில் ஒழுங்கு இருக்கும்.

ஜூன் 9, சனி

சனிக்கிழமை அவளுடைய போனை வாங்கி, வேண்டாத செய்திகளை அழித்து, சார்ஜ் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். அவளுக்கு அதெல்லாம் ஓடாது. இன்று பார்த்தால், மகளிடமிருந்து வந்தவற்றில் எழுத்தே இல்லை. எண்கள் மட்டும். இவள் அனுப்பியதும் எண்கள். ஏழாம் தேதி அனுப்பியது இப்படித் தொடங்குகிறது: 8-9, 21-1, 20-3.

"என்ன இது?"

"சும்மா விளையாட்டுங்க. அவளுக்கு அங்க பொழுது போகலையாம். உங்க கணக்கையே கொஞ்சம் மாத்திப் போடறோம்."

மனசு குளிர்ந்துபோனது. நான் சொல்லிக்கொடுத்தது ஊர் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. ஆனால் இந்த இருபதும் இருபத்தொன்றும் எங்கிருந்து வந்தன? மெய் பதினெட்டோடு முடிந்துவிடுகிறதே. அம்மாவும் மகளும் சேர்ந்து எனக்கு வேலை வைத்திருக்கிறார்கள். எதையும் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டேன்.

அவள் இடது மணிக்கட்டில் இன்னும் கட்டு இருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம்.

ஜூன் 12

பிடிபடவில்லை. தலைகீழாக எண்ணிப் பார்த்தேன். இரட்டித்துப் பார்த்தேன். உயிரையும் மெய்யையும் இடம் மாற்றிப் பார்த்தேன். வருவதெல்லாம் உளறல்.

ஜூன் 14

மகளோடு போனில் பேசினேன். எப்போதும்போல் ஒலிபெருக்கியில்தான், இவளும் கேட்க வேண்டும் இல்லையா.

"ஒரு துப்பு குடு" என்றேன்.

"நீங்களே கண்டுபிடிங்கப்பா. உங்களால முடியாததா?"

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. பிறகு, "அம்மா, கட்டு பிரிச்சிட்டியா?" என்றாள். இவள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்லம்மா" என்றாள். இதைச் சொல்ல என் முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

ஜூன் 18

உடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை எழுதி எடுத்தவற்றையும் சேர்த்துச் செய்திகளை நாள்வாரியாக அடுக்கினேன். நாள் போகப்போக எண்கள் பெருத்துக்கொண்டே வந்தன. ஒவ்வொரு நாளிலும் மெய்யெண்ணில் ஆகச் சிறியது எது என்று பார்த்தேன். பதின்மூன்றாம் தேதி 13. பதினான்காம் தேதி 14. பதினாறாம் தேதி 16. உட்கார்ந்த இடத்திலேயே தொடையைத் தட்டிக்கொண்டேன். தனி உயிருக்குச் சுழியம் நிற்க வேண்டிய இடத்தில் தேதி நிற்கிறது. மெய்யெண்ணோடு அன்றைய தேதியைக் கூட்டியிருக்கிறார்கள். தேதியைக் கழித்தால் மிச்சம் என் பழைய கணக்கு. இவ்வளவு எளிமையாக எனக்கே தோன்றியதில்லை. இது மகளின் மூளை, சந்தேகமில்லை.

ஏழாம் தேதிச் செய்தியை எடுத்தேன். 8-இல் ஏழு போனால் 1. 1-9, கை. 21-இல் ஏழு போனால் 14. 14-1, வ. 20-இல் ஏழு போனால் 13. 13-3, லி.

கை வலி.

ஒன்பது நாள் மண்டையை உடைத்துக்கொண்டு நான் கண்டுபிடித்த முதல் விஷயம் இது.

அவளிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று சமையலறை வரை போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் என் காலடி கேட்டதும் குழாயை மூடினாள். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிட்டேன். சொல்லாமல் வைத்திருப்பதிலும் ஒரு ருசி இருக்கிறது.

ஜூன் 20

இரண்டு நாளாக மற்றதையெல்லாம் பிரித்தேன். அப்படியே எழுதிவைக்கிறேன்.

அவள்: இன்று அமைதி.

அவள்: முகம் சரியில்லை. நான் பேச்சுக் கொடுக்கவில்லை.

மகள்: கதவுப் பக்கமாக உட்கார்ந்துகொள் அம்மா.

அவள்: சத்தம் போட்டார். எதுவும் உடையவில்லை.

அவள்: தூங்கிவிட்டார். நீயும் தூங்கு.

இப்படியே நாள் தவறாமல். வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி. இன்று மேகம், நாளை காற்று. என் வீட்டுக்குள் நான் என்ன புயல் மழையா? பெற்ற மகள் விடுதியில் உட்கார்ந்துகொண்டு, அப்பா தூங்கிவிட்டாரா என்று தெரிந்த பிறகுதான் தூங்குகிறாளா? அவளுக்கு வாங்கித் தராதது எது? யார் அவளைப் பயமுறுத்தினார்கள்?

ஜூன் 21

அந்தக் கை விஷயம். எழுதிவிடுகிறேன், இங்கே யாருக்கு என்ன.

அன்றைக்கு அவள் சொல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்விட்டு நேரம் கழித்து வந்தாள். கேட்டதற்குப் பதில் இல்லை. உள்ளே போகப் பார்த்தாள். கையைப் பிடிச்சேன். அவ்வளவுதான். பிடிச்ச கைய இவ ஏன் இழுக்கணும்? இழுத்ததாலதானே திரும்பிச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? நான்தானே. ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்திருந்தது யாரு?

அதையெல்லாம் எண் போட்டு எழுதினாளா? இல்லை.

ஜூன் 24, ஞாயிறு

இன்று முழுக்க அவளுக்காகவே ஒதுக்கினேன். நல்லபடியாக இருந்தால் என்ன எழுதுகிறாள் பார்ப்போம் என்ற எண்ணமும் இருந்தது, ஒளிப்பானேன். காலையில் நானே தேநீர் போட்டேன். கடைவீதிக்கு அழைத்துப்போய்ப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அவளுடையது உருகி மணிக்கட்டுக் கட்டில் வழிந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். துடைத்து முடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கு."

ஜூன் 25

சனிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. அவள் குளிக்கப் போன சமயம் போனை எடுத்துப் பார்த்தேன்.

நேற்று அனுப்பியது: இன்று ரொம்ப அன்பாக இருக்கிறார். பயமாக இருக்கிறது.

மகளின் பதில்: பெரியம்மா அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். நீ சொன்னால் போதும்.

பெரியம்மா என்றால் இவளுடைய அக்கா. ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறாள். அவள் புருஷன், என் சகலை, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறவர். ஆக, அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் எனக்காக ஓர் ஊரே கூடிப் பேசியிருக்கிறது.

இந்த வரியை எத்தனை தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எங்காவது தப்பாகப் பிரித்திருக்க மாட்டேனா என்று. இல்லை. சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 26

அவளுடைய அடையாள அட்டை, படித்த சான்றிதழ்கள், நகைகள் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பழைய எடைக்கல் பெட்டிக்குள் வைத்தேன். பூட்டு இல்லாத பெட்டிதான். ஆனால் அதைத் தொடக்கூடாது என்று முதல் வருடமே சொல்லியிருக்கிறேன். தொட்டதில்லை.

வெளியே சொல்லப்போவதில்லை. அவர்கள் ஆடட்டும். எதிராளியின் சீட்டு தெரிந்த பிறகு என்ன அவசரம்?

ஜூன் 27

மகள் நேற்று எழுதியிருந்தாள்: நீல மூடி போட்ட களிம்பு வாங்கு அம்மா, படுக்கும்போது தடவு. இவள் எங்கே போய் வாங்குவாள்? வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக் கடையில் நானே வாங்கிவந்து மேசைமேல் வைத்தேன்.

வெகு நேரம் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எதுக்குங்க?"

"கைக்குத்தான். வலிக்குதில்ல?"

"நான் கேக்கலையே."

"கேட்டாத்தான் வாங்கணுமா?"

அவள் மூடியைத் தொட்டாள். நீல மூடி. பிறகு என்னைப் பார்த்தாள். பல வருடங்களுக்குப் பிறகு இன்றுதான் நேருக்கு நேராக அவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தோன்றுகிறது. நன்றி என்று ஒரு சொல் வரவில்லை. போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஜூன் 30, சனி

இரண்டு நாளாக எந்தச் செய்தியும் இல்லை. இன்று நீளமாக வந்திருக்கிறது. நீளமாக இருந்தால் பிரிப்பது சுலபம். இப்போதெல்லாம் காகிதம்கூட வேண்டியதில்லை, பார்த்தவுடன் தேதியைக் கழித்து மனதுக்குள் படித்துவிடுகிறேன். எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை கடகடவென்று வாசிக்கத் தொடங்கும் பருவம் ஒன்று உண்டே, அது மாதிரி.

மகள்: பெரியம்மா வீடு வேண்டாம். முதலில் அங்கேதான் தேடுவார். நேராக என்னிடம் வந்துவிடு.

அவள்: எப்போது?

மகள்: தேர்வு முடியட்டும். சொல்கிறேன்.

ஜூலை 1, ஞாயிறு

புதிர் வைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜூலை 4

வந்துவிட்டது. ஒன்பதாம் தேதி, திங்கள். மகள் பேருந்து நிலையத்துக்கே வந்து காத்திருப்பாளாம். பகல் வண்டி, கோடியில் இருக்கும் நடைமேடை. நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு இவள் ஒரே ஒரு பையோடு வந்தால் போதுமாம்.

பஸ் என்று எழுத வழியில்லை, என் கணக்கில் ஸ்-ஸுக்கு எண் கிடையாது. பேருந்து என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறாள். சின்ன வயதில் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. "அப்ப ஐஸ் எப்படிப்பா எழுதறது?" என்று கேட்டாள். "பனிக்கட்டின்னு எழுது" என்றேன். ஒரு வாரம் வீட்டில் எல்லாரிடமும் பனிக்கட்டி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளை இது.

திங்களுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

ஜூலை 8, ஞாயிறு

என் சட்டைகள் எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு அடுக்கிவைத்திருக்கிறாள். ஒரு கையால் அழுத்தி, கட்டுப் போட்ட கையால் துணியைப் பிடித்துக்கொண்டு. "இவ்வளவும் இன்னிக்கே எதுக்கு?" என்றேன். "கரண்டு இருக்கறப்பவே போட்டுடலாம்னுதாங்க." பொய் சொல்லும்போது இவள் குரல் இவ்வளவு நிதானமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துவிட்டேன். சத்தம் போடக்கூடாது. ஊர் பார்க்கக் கத்துவதற்கு நான் என்ன ரவுடியா. பக்கத்தில் போவேன். பையை வாங்கிக்கொள்வேன். "வா, வீட்டுக்குப் போகலாம்" என்பேன். மகளையும் சேர்த்துத்தான். மற்றதை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொள்ளலாம்.

ஜூலை 9

எங்கே தொடங்குவது?

வழக்கம்போல் கிளம்பினேன். வாசல் வரை வந்து வழியனுப்பினாள். நேராகப் பேருந்து நிலையம். கோடி நடைமேடை கண்ணில் படுகிற மாதிரி பத்திரிகைக் கடையின் பின்பக்கம் நின்றுகொண்டேன். கடைக்காரர் ஒரு தடவை பார்த்தார், இரண்டு தடவை பார்த்தார், அப்புறம் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். முத்திரைக்காரர் என்று அடையாளம் தெரிந்திருக்கும்.

பகல் வண்டி வந்தது. ஏறினவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். முக்காடு போட்டிருந்த ஒரு பெண்ணின் தோளைத் தொட்டே விட்டேன். வேறு யாரோ. அவள் கணவன் ஏதோ சொன்னான், காதில் வாங்கவில்லை. வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியாக இருக்கலாம் என்று நின்றேன். அதுவும் போனது. வெயில் தாழும் வரை நின்றேன். தேதியைத் தப்பாகக் கழித்துவிட்டேனா என்று கடையிலேயே ஒரு துண்டுக் காகிதம் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். தப்பு இல்லை. ஒன்பது. திங்கள். கோடி நடைமேடை.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. கீழ்வீட்டு அம்மா சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க அந்தாண்ட போனீங்க, உங்க சகலை இந்தாண்ட வண்டியோட வந்துட்டாரு. உங்க பொண்ணும் வந்துச்சு. தையல் மெஷினு, பீரோவுல இருந்த துணி எல்லாம் ஏத்துனாங்க. நீங்கதான் அனுப்புனீங்கன்னு நெனச்சேன். இல்லையா?"

"ஆமா. நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

எடைக்கல் பெட்டியைத் திறந்தேன். கற்கள் எல்லாம் அதனதன் குழியில் இருந்தன. மற்றது எதுவும் இல்லை. அவளுடைய போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜூலை 10

எப்பலருந்து தெரியும்? எனக்குத் தெரியும்னு அவளுக்கு எப்பலருந்து தெரியும்?

ஜூலை 11

சகலை வீட்டுக்குப் போனேன். மனிதர் கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் கைலியோடு வந்து நின்றுகொண்டார்.

"வாங்க சகல" என்றார். வாங்க என்றாரே தவிர வழி விடவில்லை.

"அவ எங்க?"

"நல்லா இருக்கா."

"உள்ள இருக்காளா?"

"இங்க இல்ல. இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

"நீங்க என்ன திட்டம் போட்டீங்கன்னு எனக்கு ஆரம்பத்துலருந்தே தெரியும். ஒவ்வொரு எழுத்தும் படிச்சேன்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன், இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"தெரியும் சகல. களிம்பு வாங்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. கீழ்வீட்டு அம்மா போன்லருந்து எங்களைக் கூப்பிட்டா. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் நீங்க படிக்கணும்னே எழுதுனது. கடை கடையா சுத்தற ஆளு நீங்க, எப்ப வேணாலும் வீட்டுக்கு வந்துடுவீங்க. பகல்ல ஒரு ரெண்டு மணி நேரம் நீங்க வீட்டுப் பக்கம் வராம இருக்கணும். வேற வழி தெரியல எங்களுக்கு."

கீழ்வீட்டு அம்மா. நேற்று முன்தினம் என்னிடம் இல்லையா என்று கேட்டவள்.

நான் கேட்டைப் பிடித்தேன். ஆட்டினேனா என்று நினைவில்லை. அவர் பின்வாங்கவில்லை. "போங்க சகல. அக்கம்பக்கத்துல பாக்கறாங்க" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜூலை 15, ஞாயிறு

மகள் போன் செய்தாள். புது எண். ஒலிபெருக்கியில் போட்டேன், பழக்கதோஷம். கேட்க ஆளில்லாத வீட்டில் அவள் குரல் சுவர் சுவராக மோதியது.

"சாப்டீங்களா அப்பா?"

"அந்தப் பேருந்து நிலையக் கணக்கு நீ போட்டதா, அம்மா போட்டதா?"

"அம்மாதான். நான் எண்ணா மாத்துனேன்."

அவளால் அப்படி யோசிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. இருபது வருடம் வாராவாரம் புதிர் கொடுத்தவன் நான். ஒரு தடவைகூட, நீ ஒன்று போடு, நான் விடுவிக்கிறேன் என்று சொன்னதில்லை என்பது இப்போதுதான் தோன்றுகிறது.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நிஜமாவே அம்மா அங்க வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. பிறகு வைத்துவிட்டாள்.

இங்கேயும் பதில் எழுதப்போவதில்லை.

ஜூலை 18

வீட்டில் சத்தமே இல்லை. குழாயைத் திறந்தால் நான்தான் மூட வேண்டியிருக்கிறது. சட்டைகள் தீரத் தீர அலமாரி காலியாகிக்கொண்டு வருகிறது.

மன்னிக்கலாம் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. யாரை யார் மன்னிப்பது என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. பெரும்பாலான நேரம் கோபம்தான். பச்சைத் துரோகம் இது. பெண்டாட்டியும் பெண்ணும் ரகசிய மொழியில் பேசி, குடும்பத்தைக் கலைத்து, நகையோடு போயிருக்கிறார்கள். சகலை துணை. இதற்குச் சட்டத்தில் இடம் இருக்காதா?

ஜூலை 22, ஞாயிறு

முடித்துவிட்டேன். ஜூன் ஏழிலிருந்து ஜூலை நான்கு வரை அத்தனை செய்திகளும். இடது பக்கம் எண்கள், நடுவில் தேதியைக் கழித்த எண்கள், வலது பக்கம் தமிழில். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்தேன். சதியை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. சுத்தமான வெள்ளைத் தாளில் நல்ல கையெழுத்தில் எழுதி, ஓரம் மடித்து, உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 24

காவல் நிலையத்துக்குப் போனேன். பெண் அதிகாரி ஒருவர், என் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். உட்காரச் சொன்னார். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். என் வேலையைச் சொன்னதும், "எங்க தெருக் கடையெல்லாம் உங்க சரகம்தானா சார்?" என்று மரியாதையாகவே கேட்டார். தாள்களை எடுத்து நீட்டினேன். முறையை விளக்கினேன். அவருக்குச் சட்டென்று பிடிபட்டது, அதில் எனக்குக்கூட ஒரு சந்தோஷம்.

படிக்கத் தொடங்கினார். முதலில் மனதுக்குள். பிறகு எழுத்தரைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவர் காதில் விழுகிற மாதிரி மெதுவாக வாய்விட்டு.

"கை வலி இன்னும் இருக்கிறது. இன்று அமைதி. கதவுப் பக்கமாக உட்கார்ந்துகொள் அம்மா. சத்தம் போட்டார், எதுவும் உடையவில்லை. இன்று ரொம்ப அன்பாக இருக்கிறார், பயமாக இருக்கிறது."

இன்னொருவர் வாயில் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தேன். கடைசித் தாள்கள்தான் முக்கியம், அதைப் பாருங்கள் என்றேன். அவர் முதல் தாளிலேயே இருந்தார்.

"இதெல்லாம் நீங்களே பிரிச்சு, நீங்களே உங்க கையால எழுதுனதா சார்?"

"ஆமா."

"தப்பு ஏதும் இருக்காதே?"

"ஒரு எழுத்துகூடத் தப்பு இருக்காது. ரெண்டு தடவை பாத்திருக்கேன்."

"அப்ப ஒவ்வொரு தாள்லயும் கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. தேதியோட."

போட்டேன். எல்லாத் தாளிலும், என் அலுவலக வழக்கப்படி, சரிபார்க்கப்பட்டது என்று எழுதி அதன் கீழே.

அவர் தாள்களை அடுக்கி வேறொரு கோப்பில் வைத்தார். என் கண்ணெதிரேதான் வைத்தார். அதன் மேல் அவளுடைய பெயர் எழுதியிருந்தது. உள்ளே ஏற்கெனவே மருத்துவமனைச் சீட்டு ஒன்றும், கட்டுப் போட்ட மணிக்கட்டின் படமும் இருந்தன.

"உங்க மனைவி போன வாரமே வந்து சொல்லிட்டுப் போனாங்க சார். ஆனா அந்தச் செய்திகளெல்லாம் வீட்டுல விட்டுட்டு வந்த போன்லயே போயிடுச்சு, பொண்ணு தன் போன்ல அப்பப்பவே அழிச்சிடுமாம், கையில எதுவும் இல்லன்னாங்க."

அந்தத் தாள்களைத் திரும்பத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கோப்பைக் கட்டிக்கொண்டே, "இருக்கட்டும் சார்" என்றார்.

ஜூலை 31

வியாழக்கிழமை வரச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். தனியாக வர வேண்டாமாம், வக்கீலோடு வர வேண்டுமாம். இன்று சாயங்காலம் ஒரு வக்கீலைப் பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்களா கொண்டுபோய்க் குடுத்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.